நீரின்றி வாடிய ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டை வீட்டில் மீட்டெடுத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

நெடுநாள் நீரில்லாமல் வாடிய ஆர்க்கிட் செடியைக் கண்டவுடன், தாராளமாக நீர் ஊற்ற வேண்டும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால், பல செடிகள் வறட்சியைத் தாங்கி உயிருடன் இருந்துவிட்டு, அதற்குப் பின் ஊற்றப்பட்ட நீராலேயே அழுகி மடிகின்றன. வறட்சி நீளும்போது செடி தன்னிடமுள்ள நீரை இழப்பதோடு, நீரை உள்ளே எடுத்துக்கொள்ளும் வேர்களையும் சேர்த்தே இழக்கிறது. எஞ்சியிருக்கும் வேர் எவ்வளவு நீரை ஏற்குமோ அந்த அளவுக்கு மட்டும் நீர் கொடுத்து, இலைகள் வழியே வெளியேறும் நீரைக் குறைத்து, புது வேர் வரும்வரை பொறுத்திருப்பதே அதற்கு ஏற்ற சிகிச்சை. இங்கே விவரிக்கப்படும் செடி அந்த வழியில் மீட்கப்பட்டது.

செடியின் பின்புலம்

ஆய்வுக்கு உட்பட்டது பெரிய வெள்ளைப் பூக்கள் பூக்கும் ஒரு ஃபலனாப்சிஸ் கலப்பினச் செடி. உறவினர் ஒருவருக்குப் பூத்த நிலையில் பரிசாக வந்த இச்செடியை, பூக்கள் இருந்தவரை அவர் வீட்டார் நன்றாகவே பார்த்துக்கொண்டனர். கடைசிப் பூவும் உதிர்ந்தபின் அது அலமாரியின் மேல்தட்டுக்கு இடம் மாறியது. நீர் விடும் இடைவெளி படிப்படியாக நீண்டது. குடும்பத்தினர் நெடுநாள் வெளியூரில் இருந்தபோது முழுவதுமாக நின்றுபோனது. வீட்டு ஆர்க்கிட்டுகள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். பூ இல்லாத காலத்தில்தான் இச்செடி வேரையும் இலையையும் வளர்த்து அடுத்த பூப்புக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது என்பதால், அக்காலத்தில் நேரும் புறக்கணிப்பு ஆழமான பாதிப்பை உண்டாக்குகிறது.

ஃபலனாப்சிஸ் இனங்கள் இமயமலை அடிவாரம் முதல் தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை, வெப்பமும் ஈரமும் மிகுந்த காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் தொற்றுத்தாவரங்கள். அடிக்கடி மழை பெய்யும் இடத்தில் வாழ்வதால், டென்ட்ரோபியம், கேட்லியா போன்ற ஆர்க்கிட்டுகளுக்கு இருப்பதைப் போலத் தண்டில் நீரைத் தேக்கும் குமிழ்கள் இவற்றுக்கு உருவாகவில்லை. தடித்த இலைகளும் வேர்களுமே இவற்றின் நீர்ச்சேமிப்பு. ஆகவே வறட்சி வந்தால் இலையும் வேரும் நேரடியாகத் தாக்கப்படுகின்றன. இடையில் நின்று தாங்கிக்கொள்ள வேறு உறுப்பு இல்லை.

முதற்பரிசோதனை

செடியில் ஐந்து இலைகள் இருந்தன. கீழிரண்டும் விறைப்பை முற்றிலும் இழந்து தொட்டியின் விளிம்பின் மேல் தொங்கின. அவற்றின் பரப்பில் நீளவாக்கில் ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தன. விரலால் மடக்கினால் தோல்போல் வளைந்தன. நடு இலைகள் இரண்டும் சோர்ந்திருந்தாலும் பசுமை மாறாமல் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, குருத்திலிருந்து எழுந்த சிறிய இலை வளர்ச்சி நின்றுபோயிருந்தாலும் உறுதியாக இருந்தது. குருத்தின் அடிப்பகுதியிலும் தண்டிலும் கருமையோ மென்மையோ கெட்ட வாடையோ இல்லை. மீட்பு முயற்சியைத் தொடங்கலாமா என்பதை முடிவுசெய்தது இந்த ஒரு செய்திதான். இலைகள் எத்தனை வாடியிருந்தாலும், குருத்தும் தண்டும் உறுதியாக இருந்தால் செடிக்கு எதிர்காலம் உண்டு. தண்டு அழுகியிருந்தால் இலைகள் பச்சையாக இருந்தும் பயனில்லை.

பழைய பூந்தண்டு பாதிவரை காய்ந்து, கீழ்க்கணுக்களில் மட்டும் பச்சை நிறம் எஞ்சியிருந்தது. தொட்டியைக் கையில் எடுத்தபோது வெறும் தொட்டியைத் தூக்குவது போன்ற எடையே தெரிந்தது. மேலே இருந்த மரப்பட்டைத் துண்டுகள் வெளுத்து உலர்ந்திருந்தன. அவற்றின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெண்ணிற உப்புப் படிவு காணப்பட்டது. சோதனையாகச் சிறிது நீரை ஊற்றியபோது, அது பட்டையில் ஊறாமல் பக்கவாட்டில் வழிந்து, சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியேறியது. முற்றிலும் காய்ந்த மரப்பட்டையும் பாசியும் நீரை விலக்கும் தன்மை பெற்றுவிடுகின்றன. அடியில் நீர் வடிவதைப் பார்த்துத் தொட்டி நனைந்துவிட்டதென்று நம்புபவர்கள், உண்மையில் வேர்களுக்கு ஒரு துளியும் சேராமலேயே நீர் விட்டு வந்திருக்கக்கூடும். இச்செடிக்குத் தொடக்க காலத்தில் அவ்வப்போது விடப்பட்ட நீரும் அப்படித்தான் வீணாகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காற்று வேர்கள் சாம்பல் நிறத்தில் சுருங்கி, நுனிகள் பழுப்பாகிக் காய்ந்திருந்தன. வளரும் வேரின் அடையாளமான பச்சை நுனியோ செம்பழுப்பு நுனியோ ஒன்றில்கூட இல்லை.

நோயறிதல்

இலை சுருங்குவதை மட்டும் பார்த்து நீர் குறைந்ததா மிகுந்ததா என்று சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதாலேயே வீட்டு ஆர்க்கிட்டுகள் மிகுதியாக மடிகின்றன. நீர் மிகுந்து வேர்கள் அழுகினாலும், நீர் இல்லாமல் வேர்கள் காய்ந்தாலும், இலைக்கு நீர் வந்து சேர்வதில்லை. இலை இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வாடுகிறது. வேறுபாட்டை வேரில்தான் காண வேண்டும். அழுகிய வேர் பழுப்பாகவோ கருமையாகவோ மாறிக் கொழகொழப்பாக இருக்கும். மெல்ல இழுத்தால் மேலுறை கழன்று, நடுவிலுள்ள நரம்பு மட்டும் கையில் மிஞ்சும். வளர்ப்பூடகம் மக்கி மண்போலாகி ஈரமாக இருக்கும். காய்ந்த வேர் தட்டையாகவும் காகிதம்போலவும் இருக்கும். அழுத்தினால் உள்ளே வெற்றிடம் தெரியும். நீர் கசியாது, வாடையும் வராது.

இச்செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது இரண்டு அடையாளங்களும் கலந்தே கிடைத்தன. வெளிச்சுற்று வேர்கள் அனைத்தும் வறட்சியால் சுருங்கியவை. ஆனால், வேர்த்தொகுதியின் நடுவே, செடி சிறியதாக இருந்தபோது நாற்றங்காலில் சுற்றி வைக்கப்பட்ட பாசி உருண்டை ஒன்று கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. அதற்குள் இருந்த வேர்கள் வெகு முன்பே அழுகி, பின்னர் உலர்ந்தவை. பட்டைத் துண்டுகளால் மூடப்பட்டு வெளியே தெரியாத இத்தகைய பாசி உருண்டை விற்பனைக்கு வரும் ஃபலனாப்சிஸ்களில் அடிக்கடி காணப்படுகிறது. மேற்பரப்பு காய்ந்த பின்னும் அது நடுவில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டாலோ எளிதில் நனையாது. ஆக, பூத்திருந்த நாளில் நடு வேர்களை ஈரத்தாலும், பின்னாளில் வெளி வேர்களை வறட்சியாலும் இச்செடி இழந்திருக்கிறது. முதன்மைக் காரணம் நீண்ட வறட்சி. அதை விரைவுபடுத்தியது முன்பே பாதியாகக் குறைந்திருந்த வேர்த்தொகுதி.

சிவப்புச் சிலந்திப்பேன்களும் இலையை வாடச் செய்யக்கூடும் என்பதால், இலைகளின் அடிப்பரப்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் கறை எதுவும் படியவில்லை.

வேரும் இலையும் வறட்சியைத் தாங்கும் விதம்

சிகிச்சை ஏன் அவ்வாறு அமைந்தது என்பது விளங்க, இந்த வேரின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தொற்று ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் எனப்படும் பல அடுக்குத் திசு உள்ளது. முதிர்ந்த வெலாமன் செல்கள் உயிரற்ற வெற்றுக் கூடுகள். உலர்ந்திருக்கும்போது அவற்றில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளிபோன்ற சாம்பல் நிறத்தில் தெரிகிறது. மழைநீர் பட்டவுடன் அவை விரைந்து உறிஞ்சிக்கொள்கின்றன. அப்போது திசு ஒளி ஊடுருவும் நிலையை அடைவதால், உள்ளே பச்சையம் கொண்ட புறணிப் பகுதி வெளித்தெரிந்து வேர் பச்சையாகிறது. வெலாமனுக்கும் புறணிக்கும் இடையில் தடித்த சுவர்களையுடைய ஓர் அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கில் ஆங்காங்கே அமைந்த வழிச்செல்கள் மூலமாகவே நீர் உள்ளே நுழைகிறது.

வெலாமன் காய்வது வேருக்குக் கேடன்று. மரக்கிளையில் அது அடிக்கடி நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைகிறது. அந்தச் சுழற்சியே வேருக்குக் காற்றையும் தருகிறது. வறட்சி மிக நீளும்போது உள்ளிருக்கும் உயிருள்ள புறணிச் செல்களும் நீரை இழந்து சுருங்கி மடிகின்றன. வேர் மீளாத நிலையை அடைவது அப்போதுதான். இந்த எல்லைக்கு இப்புறம் நிற்கும் வேர், எவ்வளவு சுருங்கித் தோன்றினாலும், நீர் பட்டால் பருத்துப் பசுமையாகும். அப்புறம் சென்ற வேர் நீரை உறிஞ்சினாலும் வெறும் நனைந்த பஞ்சாகவே இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பதால்தான், நனைத்துப் பார்ப்பதற்கு முன் எந்த வேரையும் வெட்டக்கூடாது.

இலையைப் பொறுத்தவரை, ஃபலனாப்சிஸ் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. கள்ளிச் செடிகள் பின்பற்றும் அதே முறை. கடும் வறட்சியில் இரவிலும் துளைகள் பெருமளவு மூடிக்கொள்ள, செடி வளர்ச்சியை நிறுத்தி உயிரை மட்டும் காக்கிறது. முதிய இலைகளிலுள்ள நீரும் சத்துகளும் இளைய பகுதிகளுக்கு நகர்கின்றன. மெல்லிய இலைச் செடி ஒரே நாளில் தலை சாய்த்துத் தன் தாகத்தைக் காட்டிவிடும். ஃபலனாப்சிஸ் பல வாரங்கள் எதையும் காட்டுவதில்லை. அதன் இலையில் சுருக்கம் விழுந்துவிட்டது என்றால், வேர்களுக்கு நேர்ந்த சேதம் அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கிறது.

சிகிச்சை

முதலில் வேர்த்தொகுதி முழுவதும், குருத்து நனையாத மட்டத்தில், வெதுவெதுப்பான மழைநீரில் ஏறத்தாழ அரை மணி நேரம் மூழ்க வைக்கப்பட்டது. காய்ந்த வேர் எளிதில் முறியும். நனைந்தபின் வளைந்து கொடுக்கும். எனவே பழைய ஊடகத்தைப் பிரித்தெடுப்பதும் நடுவிலிருந்த பாசி உருண்டையைக் கலைப்பதும் நனைத்த பிறகே செய்யப்பட்டன. பாசி பல வேர்களுக்குள் பின்னியிருந்ததால் மழுங்கிய குச்சியால் மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டியிருந்தது. இழுத்துப் பிய்த்திருந்தால் நல்ல வேர்களும் போயிருக்கும். வேர்களை மணிக்கணக்கில் நீரிலேயே விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை. வேர் ஏற்க வேண்டிய நீர் முதல் அரை மணிக்குள் பெரும்பாலும் உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு அதற்குத் தேவை காற்று.

நனைந்தபின் வேர்கள் தாமாகவே இரு பிரிவாயின. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை பசுமையேறி உறுதிபெற்றன. மற்றவை பழுப்பாகவும் உள்ளீடற்றும் இருந்தன. தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் செத்தவற்றை மட்டும் நறுக்கினேன். ஐயத்துக்குரிய சில வேர்கள் பாதி பசுமையாகவும் பாதி பழுப்பாகவும் இருந்தன. அவற்றில் பசுமை முடியும் இடம் வரை விட்டுவைக்கப்பட்டது. வேரின் நுனி செத்துவிட்டால் அது அதே திசையில் நீளாது என்றாலும், உயிருள்ள பகுதியிலிருந்து பக்கக் கிளை விடும் ஆற்றல் அதற்கு உண்டு. பின்னர் வெட்டுவாய்கள் உலரும் அளவுக்குச் சில மணி நேரம் நிழலில் வைத்தேன். அழுகல் நோய் கண்ட செடியை ஓரிரு நாள் திறந்த வேருடன் காயவைப்பது வழக்கம். வறட்சியில் வாடிய செடிக்கு அந்த வழக்கத்தைப் பின்பற்றுவது தவறாகும்.

சிலவற்றைப் பயன்படுத்தாமல் விட்டதும் இச்சிகிச்சையின் பகுதியே. வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவும் பழக்கம் பரவலாக உள்ளது. அதற்குப் பூஞ்சையைத் தடுக்கும் ஆற்றல் இருந்தாலும், அது ஈரத்தை இழுத்து உலர்த்தும் பொருள். இலையின் காயத்துக்கு அது பொருந்தலாம். ஏற்கெனவே காய்ந்த வேருக்குப் பொருந்தாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியையும் உயிருள்ள வேர்ச் செல்லையும் பிரித்தறியாது. சர்க்கரைக் கரைசலில் ஊறவைப்பதால் பயனடைவன ஊடகத்திலுள்ள நுண்ணுயிர்களே. எல்லாவற்றையும்விடத் தவிர்க்க வேண்டியது உரம். உரம் என்பது கரைந்த உப்பு. உப்பு மிகுந்த கரைசல் வேருக்கு நீரைக் கொடுப்பதற்கு மாறாக வேரிலிருந்து நீரை இழுக்கும். பலவீனமான செடிக்கு ஊட்டம் கொடுக்க வேண்டும் என்ற பரிவில் செய்யப்படும் இச்செயல், எஞ்சியிருக்கும் வேர்களையும் கருக்கிவிடும்.

புதிய தொட்டி எஞ்சிய வேர்களின் அளவுக்கு ஏற்பத் தெரிவு செய்யப்பட்டது. இலைகளின் விரிவைக் கணக்கில் கொள்ளவில்லை. முந்தைய தொட்டியைவிடச் சிறியதாக, 9 செ.மீ. விட்டமுள்ள, பக்கங்களிலும் துளைகள் கொண்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டி அது. சிறிய வேர்த்தொகுதியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத ஊடகம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு இடமாகிறது. ஊடகம் 1 முதல் 1.5 செ.மீ. அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகள் மூன்று பங்கும், ஸ்பேக்னம் பாசி ஒரு பங்கும் கலந்தது. பட்டை முன்னிரவே நீரில் ஊறவைக்கப்பட்டது. பாசியை இறுக்கித் திணிக்காமல் உதிரியாகக் கலப்பது முக்கியம். ஒளிபுகும் தொட்டியைத் தெரிவு செய்ததற்குக் காரணம், வேரின் நிறத்தைத் தொட்டியைக் கலைக்காமலே பார்க்க முடியும் என்பதுதான்.

பூந்தண்டைக் கீழ்க்கணுவுக்கு அடியில் நறுக்கியபோது செடியின் உரிமையாளர் வருந்தினார். பச்சைக் கணு ஒன்றிலிருந்து மீண்டும் பூ வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் அறிந்தது சரியே. ஆனால், வேர் குறைந்த செடி பூக்கத் தொடங்கினால், இலைகளில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு சேமிப்பும் பூவுக்கே போய்விடும். வாடிய செடி கடைசியாகப் பூத்துவிட்டு மடிவதை ஆர்க்கிட் வளர்ப்போர் பலரும் கண்டிருக்கின்றனர். தண்டை நறுக்கியபின், செடி ஆடாமல் இருக்க ஒரு மெல்லிய குச்சியில் தளர்வாகக் கட்டப்பட்டது. வேர் குறைந்த செடி தொட்டியில் நிலையாக நிற்பதில்லை. அது ஒவ்வொருமுறை அசையும்போதும் புதிதாக வரும் மென்மையான வேர்நுனி பட்டைத் துண்டில் உரசிச் சேதமடையும்.

அடுத்து, நீரிழப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. தொட்டி, அடியில் ஈரப்பாசி பரப்பிய ஒளிபுகும் பெட்டி ஒன்றினுள் வைக்கப்பட்டு, மூடி சற்றே விலகியிருக்குமாறு வைக்கப்பட்டது. உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டியும், வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி செல்சியசுக்குள்ளும் இருந்தது. இலைத்துளை இரவில் திறக்கும் செடி என்பதால், இரவுக் காற்றின் ஈரம் இதற்குப் பகல் ஈரத்துக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. நேர்வெயில் ஒரு கணமும் படவிடவில்லை; மூடிய பெட்டி வெயிலில் விரைந்து சூடேறும், நீராவிப்போக்கால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாத இலை வெந்துவிடும். காலையில் மூடியைத் திறந்து காற்று மாற்றும்போது இலையைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். இலை கைக்குச் சூடாகத் தெரியக்கூடாது. இலைகளின் மேல் நீர் தெளிக்கவில்லை. குருத்தில் தேங்கும் நீர் குருத்தழுகலுக்குக் காரணமாகிறது. இந்தச் செடியில் உறுதியாக எஞ்சியிருந்ததே அந்தக் குருத்துதான்.

நீர் விடுவதற்கு நாள்கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நனைத்து வடிந்தபின் தொட்டியின் எடையைத் தராசில் குறித்துக்கொண்டு, வேர்கள் வெள்ளிநிறமாகி எடையும் தெளிவாகக் குறைந்த பிறகே மறுபடி நனைத்தேன். பெட்டிக்குள் அந்த இடைவெளி எதிர்பார்த்ததைவிட நீண்டது. வாடிய செடியைப் பார்த்துக்கொண்டே நீர் விடாமல் இருப்பது எளிதன்று, அதற்கு எடைக் குறிப்பு பெரிதும் துணையாக இருந்தது.

மீட்சியின் போக்கு

முதல் சில வாரங்களில் இலைகளில் முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. அடியிலை மஞ்சளாகி உதிரவும் செய்தது. இதைப் பின்னடைவாகக் கொள்ளத் தேவையில்லை. வேர் கொடுக்க முடியாததை அந்த இலையிலிருந்து செடி எடுத்துக்கொள்கிறது. அது தானாகக் கழன்று விழும்வரை விட்டுவைப்பதே நல்லது. முழுதும் மஞ்சளாகாத இலையை அழகுக்காக வெட்டுவது, செடியின் கையிருப்பைப் பறிப்பதாகும்.

இதே காலத்தில் ஒரு சிக்கலும் எழுந்தது. அடியிலை உதிர்ந்த இடத்தில், அதற்கு மேலுள்ள இலையின் கோணத்தில், பஞ்சுபோன்ற வெண்துகள்கள் தென்பட்டன, மாவுப்பூச்சிகள். முதற்பரிசோதனையில் இலைக்கோணத்தின் இடுக்கில் அவை கண்ணுக்குப் படவில்லை. பெட்டியின் வெதுவெதுப்பும் காற்றோட்டக் குறைவும் அவை பெருக உதவின. 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து, முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை மீண்டும் பார்த்துத் துடைத்து வந்ததில் அவை நீங்கின. வேர்களின் மேல் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாள்களில் பகல் முழுவதும் பெட்டியின் மூடி பாதி திறந்தே இருந்தது.

உயிர்ப்பின் முதல் அடையாளம் பழைய வேர் ஒன்றில் தோன்றியது. நுனி செத்திருந்த வேரின் நடுப்பகுதியில் சிறு புடைப்பு எழுந்து, சில நாள்களில் பளபளப்பான பச்சை நுனியுடன் கிளைவேராக நீண்டது. அதன் பிறகு தண்டின் அடியில், உதிர்ந்த இலையின் தழும்புக்கு அருகே, புது வேர் ஒன்று தோலைப் பிளந்து வெளிவந்தது, அடுத்து இன்னொன்று. இந்தப் புது வேர்கள் ஊடகத்துக்குள் இறங்கி இரண்டு மூன்று செ.மீ. நீண்ட பிறகுதான் இலைகள் மாறத் தொடங்கின: முதலில் குருத்திலை, பின் நடு இலைகள், மெதுவாக நிமிர்ந்து தடித்தன. வேர் முன்னே, இலை பின்னே என்ற இந்த வரிசை தெளிவாகவே தெரிந்தது. இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால், உண்மையான மீட்சி தொடங்கிவிட்ட வாரங்களில்கூட முயற்சி தோற்றதென்றே எண்ணியிருக்க நேர்ந்திருக்கும்.

கீழே எஞ்சியிருந்த இலையின் சுருக்கங்கள் இன்றுவரை மறையவில்லை, மறையப்போவதும் இல்லை. அங்கே நசுங்கிப்போன திசு மீண்டும் எழுவதில்லை. இலை தடித்திருக்கிறது, தழும்பு அப்படியே இருக்கிறது. குருத்திலை வளர்ச்சியைத் தொடர்ந்தபோதும் முந்தைய இலைகளின் நீளத்தை எட்டவில்லை. அதற்கடுத்து வந்த இலை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. செடியின் நிலையைக் கணிக்க நான் நம்புவது இந்த ஒப்பீட்டையே.

புது வேர்கள் ஊடகத்தில் பற்றிய பிறகு உரம் தொடங்கப்பட்டது. பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் கால் பங்கு, நனைத்த வேரின் மேல் மட்டும், இரண்டு நீர்விடலுக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை உரமற்ற நீரைத் தாராளமாக ஓடவிட்டுச் சேர்ந்த உப்பு கழுவப்பட்டது. பெட்டியிலிருந்து செடி ஒரே நாளில் வெளியே எடுக்கப்படவில்லை. மூடி நாளுக்கு நாள் கூடுதலாகத் திறக்கப்பட்டு, இலை சோராததை உறுதிசெய்தபின் அறைக்காற்றுக்கு மாற்றப்பட்டது. வெளிச்சமும் அவ்வாறே படிப்படியாகக் கூட்டப்பட்டது. நலமான ஃபலனாப்சிசுக்கு ஏற்ற 10,000 முதல் 15,000 லக்ஸ் அளவு கடைசியில்தான் கொடுக்கப்பட்டது.

ஆய்வுரை

இந்த நிகழ்வில் செடிக்கு மொத்தமாகக் கிடைத்த நீர் மிகக் குறைவு. அது வேர் ஏற்கும் வடிவிலும் நேரத்திலும் கிடைத்தது என்பதே வேறுபாடு. அலமாரியில் இருந்தபோது அதற்கு ஊற்றப்பட்ட நீர் நனையாத பட்டையின் மேல் வழிந்தோடியது. மீட்கும் முயற்சியாக அதே தொட்டியில் நாள்தோறும் நீர் ஊற்றியிருந்தால், சில நாள்களில் ஊடகம் ஊறி, வலுவிழந்த வேர்கள் காற்றின்றி அழுகியிருக்கும். வெயில் காலத்தில் முயற்சி தொடங்கியதும் துணைசெய்தது. ஃபலனாப்சிஸ் வெப்பமான மாதங்களில்தான் இலையும் வேரும் மிகுதியாக விடும். குளிர் மாதத்தில் இதே பராமரிப்பு கொடுத்தாலும் புது வேருக்கு நெடுநாள் காத்திருக்க நேரும், அதுவரை அழுகலின் ஆபத்தும் நீடிக்கும்.

உயிருள்ள வேர் ஒன்றுகூட இல்லாத செடிக்கு இம்முறையைச் சற்று மாற்ற வேண்டும். அப்போது தொட்டியும் பட்டையும் தேவையில்லை. பிழிந்தெடுத்த ஈரப்பாசியின் மேல் தண்டின் அடி தொட்டும் தொடாமலும் இருக்கும்படி செடியை வைத்து, பெட்டியை முழுவதுமாக மூடி வைப்பது ஏற்ற வழி. ஈரக்காற்றில் தண்டிலிருந்து புது வேர் வரும்வரை அது அப்படியே இருக்கலாம். பல மாதங்கள் ஆகலாம், இலைகள் உறுதியிழந்திருந்தால் வராமலும் போகலாம்.

மற்ற ஆர்க்கிட் வகைகளுக்கு இந்த முடிவுகளை அப்படியே பொருத்தக்கூடாது. ஆன்சிடியம், கேட்லியா போன்றவற்றில் சுருங்கிய தண்டுக்குமிழ் மீண்டும் பருப்பதே நம்பத்தக்க அடையாளம். அவற்றின் கையிருப்பு மிகுதி என்பதால் அவை நீண்ட வறட்சியையும் தாங்கும். வாண்டா வகைகள் ஊடகமே இல்லாமல் வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளர்க்கப்படுவதால், அவற்றின் வேர்களை நாள்தோறும் நனைக்க வேண்டியிருக்கும். டென்ட்ரோபியத்தில் சில இனங்கள் உலர்ந்த பருவத்தில் இலைகளை இயல்பாகவே உதிர்த்து ஓய்வெடுக்கின்றன. வெறுந்தண்டாக நிற்கும் அத்தகைய செடியைக் கைவிடப்பட்டதாகக் கருதி நீரில் ஊறவைப்பது, அதன் ஓய்வைக் குலைத்து அழுகலுக்கு வழிவிடும். எனவே செடியின் வகையை அறிவது சிகிச்சைக்கு முந்திய கடமை.

தற்போது இச்செடி புதிதாக விட்ட வேர்களுடன் உரிமையாளரின் வீட்டுக்குத் திரும்பியுள்ளது. 26 டிகிரிக்குக் கீழான வெப்பநிலை சில வாரங்கள் நீடித்தால் பூந்தண்டு எழக்கூடும் என்பதால், வரும் குளிர்காலத்தில் தண்டு வந்தாலும் அது விரல் நீளம் ஆகும்போதே நறுக்கிவிடுவதென்றும், இனி வரும் இலை முந்தைய இலையின் அளவை எட்டிய பிறகே பூக்க விடுவதென்றும் முடிவு செய்திருக்கிறோம். பட்டை மக்கத் தொடங்கும் இரண்டு ஆண்டு அளவில் ஊடகம் மாற்றப்பட வேண்டும். அதுவரை தொட்டியை நீர் விடுமுன் ஒருமுறையும் வடிந்தபின் ஒருமுறையும் கையில் தூக்கிப் பார்க்குமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.